இருபத்தெட்டு நாள் சோதனை

இருசம்மாள் கேட்டைத் திறந்தபோது அரங்கநாதன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஏழு பதினாலு.

"ரயில்வே கேட்டு போட்டுட்டாங்க சார்," என்றாள், செருப்பைக் கழற்றியபடி.

"எந்த வண்டிக்கு?"

"அது எனக்கெங்க தெரியும். நீளமா ஒண்ணு போச்சு."

அந்த நேரத்தில் அரியலூரைத் தாண்டுகிற வண்டி எது, இன்றைக்கு எத்தனை நிமிடம் தாமதம் என்பதை அவர் ஏற்கெனவே ஸ்டேஷனுக்குப் போன் போட்டுக் கேட்டு வைத்திருந்தார். அவள் சொன்னது உண்மைதான். அதனாலேயே எரிச்சல் கூடியது. நோட்டை எடுத்து, 'ஐந்தாம் நாள். பதினாலு நிமிடம் தாமதம். காரணம்: சரி' என்று எழுதினார். 'சரி'யை மட்டும் கொஞ்சம் சின்னதாக.

சிமெண்ட் ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் முப்பத்தோரு வருடம் இருந்தவர் அரங்கநாதன். சிமெண்டையும் மணலையும் குழைத்து, உள்ளங்கைக்கு அடங்குகிற கட்டிகளாக வார்த்து, தண்ணீரில் ஊறப்போட வேண்டும். மூன்றாம் நாள் சில, ஏழாம் நாள் சில, இருபத்தெட்டாம் நாள் சில என்று எடுத்து மெஷினில் வைத்து நொறுங்கும்வரை அழுத்த வேண்டும். எவ்வளவு அழுத்தத்தில் நொறுங்கியதோ அதுதான் அதன் பலம். இப்படி ஆயிரக்கணக்கான கட்டிகளை நொறுக்கியே வீடு கட்டி, மகளைப் படிக்க வைத்துக் கல்யாணமும் செய்து கொடுத்த மனிதருக்கு, உலகத்தில் வேறு எதையும் வேறு எப்படியும் எடைபோடத் தெரியாமல் போனதில் ஆச்சரியமில்லை.

பெரம்பலூர் 'கனிவகம் ஹோம் நர்சிங்' அனுப்பிய முதல் பெண்ணை, கை கழுவும்போது பக்கத்தில் நின்று எண்ணிக்கொண்டிருந்தார். அவள் மூன்றாம் நாள் வரவில்லை. இரண்டாவது பெண் கஞ்சி ஊட்டும்போது ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் எத்தனை விநாடி என்று குறித்தார். அவள் ஏழாம் நாள் கரண்டியை அவர் கையில் கொடுத்து, "நீங்களே ஊட்டிக்குங்க, டைம் கரெக்ட்டா இருக்கும்," என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டாள். இரண்டு பேர் பெயருக்கு எதிரிலும் 'நொறுங்கியது' என்று எழுதியிருந்தார். எழுதியபோது ஒரு திருப்தி இருந்தது. சாயங்காலம் மனைவியைத் தனியாகப் புரட்ட முடியாமல் மூச்சு வாங்கியபோது அது இல்லை.

தை மாதம் அவர் மனைவி அம்சவள்ளிக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. இரண்டு மாதம் யாரையும் கிட்டே விடாமல் அவரே பார்த்துக்கொண்டார். மாத்திரை ஒரு நிமிடம் தவறியதில்லை. ஆனால் படுத்திருக்கிற உடம்பை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போட வேண்டும் என்று டாக்டர் சொன்னதை மட்டும், நன்றாகத் தூங்குகிறவளை எதற்கு எழுப்புவது என்று விட்டுவிட்டார். இடுப்புக்குக் கீழே புண் வந்துவிட்டது. சென்னையிலிருந்து வந்த மகள் மஞ்சு அதைப் பார்த்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை.

"இந்த மாசக் கடைசிக்குள்ள புண்ணு ஆற ஆரம்பிக்கலன்னா அம்மாவ நான் கூட்டிட்டுப் போயிடறேன்ப்பா," என்றாள். அவளுடைய நாலாவது மாடி வீட்டில் ஒரு கட்டிலுக்கு இடம் இருந்தது. இரண்டாவது கட்டிலைப் பற்றி யாரும் பேசவில்லை.

மூன்றாவதாகக் கனிவகம் அனுப்பிய இருசம்மாள் குன்னம் பக்கத்துக்காரி. பத்து வருடம் வெங்காயக் காட்டில் களை எடுத்துவிட்டு, மூன்று மாதம் பயிற்சிக்குப் போய் இந்த வேலைக்கு வந்தவள். அரியலூரில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் அக்கா வீட்டில் தங்கியிருந்தாள். மூன்றாம் நாளைத் தாண்டிவிட்டாள். எண்ணினால் எண்ணட்டும் என்று விட்டுவிடுகிற ஆளை எப்படி நொறுக்குவது என்று அவருக்குப் பிடிபடவில்லை. கடைசியில் காய்ச்சல் சார்ட்டில் ஒரு பிடி கிடைத்தது. காலை, மதியம், மாலை மூன்று வேளையும் தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு. ஐந்து நாளும் அதே. ஆறாம் நாள் தெர்மாமீட்டரை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பேசாமல் இருந்தார். சாயங்காலம் சார்ட்டைப் பார்த்தார். தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு. வெகு நாள் கழித்து அன்றைக்குத்தான் அவருக்குப் பசித்தது.

ஏழாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, அவளை வீட்டில் விட்டுவிட்டுப் பெரம்பலூருக்கு பஸ் ஏறினார். எதற்கெடுத்தாலும் அரியலூர்க்காரன் பெரம்பலூருக்கு ஓடவேண்டியிருக்கிறதே என்ற பழைய கடுப்பும் கூடவே ஏறிக்கொண்டது. முன்னால் சுண்ணாம்புக்கல் லாரிகள். வழியெல்லாம் புழுதி. காலையிலிருந்தே உடம்பு வலித்தது. அதையும் அவர் கனிவகத்தின் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருந்தது ஆபீஸ். முதலாளி தர்மராஜ் முன்பு மருந்துக் கம்பெனி ரெப்பாக இருந்தவர். எதைச் சொன்னாலும் சிரித்துக்கொண்டே கேட்பார்.

"தெர்மாமீட்டர் என் பாக்கெட்ல இருக்கு. டெம்பரேச்சர் சார்ட்ல இருக்கு. எப்படிங்க?"

"அனுபவம் சார்," என்றார் தர்மராஜ்.

எழுத்து மூலம் புகார் வேண்டும் என்றதும் சேவை மதிப்பீட்டுப் படிவம் ஒன்றை எடுத்து நீட்டினார். அதில் மூன்று கட்டங்கள்: நன்று, மிக நன்று, மிக மிக நன்று.

"மோசம் எங்க?"

"மோசம்னா போன்லயே திட்டிருவாங்க சார். அதுக்குப் பேப்பர வேற எதுக்கு வேஸ்ட் பண்ணணும்?"

"வேற ஆளு அனுப்புங்க."

தர்மராஜ் மேலே சுற்றுகிற காற்றாடியைப் பார்த்தார். "கோவிச்சுக்காதீங்க சார். உங்க வூடுன்னாலே புள்ளைங்க லீவு கேக்குதுங்க. இருசம்மாளுக்கு மட்டுந்தான் நான் வெவரம் சொல்லாம அனுப்புனேன்."

படிவத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திரும்பினார். மாலையில் வருவதாகச் சொல்லிப் போனவர் மதியமே வீட்டுக்குள் நுழைந்தபோது, ஹாலில் கட்டிலைக் காணவில்லை. மஞ்சு வந்து கூட்டிப்போய்விட்டாளோ என்று செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினார்.

கட்டில் பின்வாசல் ஓரத்தில் இருந்தது. கனிவகத்தில் வாடகைக்கு எடுத்த சக்கரக் கட்டில். ஒரு சக்கரத்துக்கும் பிரேக் பிடிக்காது. முதல் நாளே அதை நோட்டில் எழுதி, அசைக்கக் கூடாது என்று அடிக்கோடிட்டிருந்தார். அம்சவள்ளி காற்றுப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தாள். சரிவான தரையில் கட்டில் உருளாமல் இருக்க, சக்கரத்துக்கு அடியில் ஒன்று முட்டுக் கொடுக்கப்பட்டிருந்தது. அது ஷோகேஸில் இருந்த சிமெண்ட் கட்டி.

"அத எதுக்கும்மா எடுத்த?"

"வண்டி ஓடுது சார். செங்கல்லு தேடுனேன், கெடைக்கல. இது சும்மா குந்தியிருந்துச்சு."

சும்மா இல்லை என்றார். அவர் வேலையில் கடைசி நாள் வார்த்த கட்டி அது. அதன் இருபத்தெட்டாம் நாள், அவர் ஓய்வு பெற்ற பிறகு வந்ததால், கூட வேலை பார்த்தவர்கள் நொறுக்காமல் அவரிடமே கொடுத்துவிட்டார்கள். சோதனை முறையையும் விளக்கினார். இருசம்மாள் கவனமாகக் கேட்டாள்.

"சரி சார். பாஸான கட்டிய என்ன பண்ணுவீங்க?"

"அதுவுந்தான் நொறுங்கிப்போயிடும். நொறுங்குனாத்தான் பாஸான்னு தெரியும்."

"நொறுங்குனதுக்கப்புறம் பாஸாயி யாருக்கு சார் என்ன புண்ணியம்?"

கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கோணிய வாயின் ஒரு பக்கத்தில் மட்டும் அம்சவள்ளி சிரித்துக்கொண்டிருந்தாள். தைக்குப் பிறகு இப்போதுதான்.

அவர் விடுவதாக இல்லை. தெர்மாமீட்டரை எடுத்து நீட்டினார். "நேத்துலேருந்து இது எங்கிட்ட இருக்கு. நீ எதப் பாத்து எழுதுன?"

"அங்கதான் இருக்கா? எங்கல்லாம் தேடுனேன்." அவள் முகத்தில் அசடு எதுவும் வழியவில்லை. "இருந்தாலும் அந்தக் கோடு எனக்குத் தெரியாது சார். கண்ணு மங்கல். தொட்டாத் தெரியும். காயலன்னா இந்த நம்பர எழுதுன்னு டிரெயினிங்ல கூடப் படிச்ச புள்ள சொல்லிச்சு."

"காய்ஞ்சா?"

"உங்களக் கூப்புடுவேன்." தெர்மாமீட்டரை வாங்கியபோது அவள் விரல் அவர் விரலில் பட்டது. "அம்மாவுக்கு ஒண்ணுமில்ல. உங்களுக்குத்தான் காயுது. மாத்திரையப் போட்டுட்டுப் படுங்க."

தெர்மாமீட்டரைத் திரும்ப வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய், கதவைச் சாத்திவிட்டு வாயில் வைத்துப் பார்த்தார். நூறு புள்ளி ஆறு. அதை நோட்டில் எழுதவில்லை.

வெளியே வந்தபோது அவள் கைகழுவி, புண்ணின் கட்டுத் துணியை மாற்ற ஆரம்பித்திருந்தாள். "எல்லாத்தையும் அளக்குறீங்க. இத மட்டும் ஒரு நாளும் வந்து பாக்கலயே சார்," என்றாள். கேலி இல்லை, நிஜமாகவே அவளுக்குப் புரியாமல்தான் கேட்டாள்.

நோட்டில் எல்லாம் இருந்தது. புண்ணுக்குத்தான் ஒரு வரிகூட இல்லை. மகள் பார்த்த அன்றைக்குப் பிறகு அந்தப் பக்கம் அவர் கண்ணைத் திருப்பவே இல்லை.

"நீயே சொல்லேன்," என்றார். குரல் அவருக்கே பிடிக்கவில்லை.

"நான் சொன்னா எழுதிக்குவீங்களா? வந்து பாருங்க."

அம்சவள்ளி லேசாக அசைந்தாள். கட்டில் ஒரு விரல் நகர்ந்தது. யோசிக்காமல் குந்தி உட்கார்ந்து சக்கரத்தைப் பிடித்தார். அந்த உயரத்தில் புண் அவர் கண்ணுக்கு நேராக இருந்தது. நடுவில் இன்னும் ஈரச் சிவப்பு. ஓரத்தைச் சுற்றி, நகத்தின் பிறைபோல, இளரோஜா நிறத்தில் மெல்லிய புதுத் தோல்.

உள்ளே போன் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் கூப்பிடுகிறவள் மஞ்சுதான்.

"போன் சார்," என்றாள் இருசம்மாள்.

அவர் எழுந்திருக்கவில்லை. கட்டியை இரண்டு கைகளாலும் சக்கரத்துக்கு அடியில் அழுத்தினார். இன்னும் கொஞ்சம் அழுத்தினார். அது நொறுங்கவும் இல்லை, நகரவும் இல்லை. அம்சவள்ளியின் முழு எடையையும் வாங்கிக்கொண்டு அப்படியே நின்றது.