அத்தான் வைத்த தூண்டில்

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: இது கதையே இல்லை, ஒரு வாழ்த்துக் கட்டுரையாக இருந்திருக்க வேண்டியது. என் அக்காவின் கணவர் இணையப் பாதுகாப்புப் பேராசிரியர். இந்த மாதம் ஓய்வு பெறுகிறார். "குடும்பத்துல எழுதுறவன் நீதான், பணிநிறைவு மலருக்கு ரெண்டு பக்கம் எழுதிக் குடு" என்றாள் அக்கா. கற்பித்தல், ஆய்வு, பொதுச்சேவை என்று மூன்று தலைப்புகளையும் துறை அலுவலகமே அனுப்பிவிட்டது. உட்கார்ந்தேன்.

"முப்பத்திரண்டு ஆண்டுகளாக அறிவொளி பரப்பிவரும் நம் பேராசிரியர் அவர்கள்..."

(அடித்துவிட்டேன். வீட்டு வைஃபையைக் கேட்டாலே "எதுக்கு?" என்பவர். எதையும் பரப்புகிற ஆள் இல்லை.)

"இணையத் திருடர்களுக்குச் சிம்மசொப்பனமாக விளங்கும்..."

(இதுவும் போயிற்று. அக்காவின் பிறந்தநாளுக்கு நான் அனுப்பிய வாழ்த்து அட்டையைச் சந்தேகத்துக்குரியது என்று புகார் செய்து அழித்தவர். சிம்மசொப்பனம் எங்களுக்குத்தான்.)

2

கற்பித்தல். ஆண்டின் முதல் வகுப்பில், "இதுவரைக்கும் ஏமாந்ததே இல்லன்னு யாராவது இருக்கீங்களா?" என்று கேட்பாராம். பாதிப் பேர் கை தூக்குவார்கள். "நீங்கதான் ஆபத்தானவங்க. முன்னாடி வந்து உக்காருங்க."

ஆய்வு. மனிதர்கள் ஏன் பொய் மின்னஞ்சலை நம்புகிறார்கள் என்ற ஒரே கேள்வியோடு பதினொரு வருடம் மல்லுக்கட்டினார். கண்ட விடை: முட்டாள்தனத்தால் அல்ல, அவசரத்தால். (பதினொரு வருடம்! அக்காவைக் கேட்டிருந்தால் அடுப்படியில் நின்றபடியே சொல்லியிருப்பாள்.)

பொதுச்சேவை. கட்டுரை தடம் புரண்டது இங்கேதான்.

3

நகர மருத்துவமனைக்காக அத்தான் ஆண்டுதோறும் இலவசமாக ஒரு சோதனை நடத்துகிறார். ஊழியர்களுக்குத் தூண்டில் மின்னஞ்சல் ஒன்று போகும். அதை நம்பி பாஸ்வேர்டைக் கொடுத்தவர் மாட்டினார் என்று கணக்கு. இந்த ஆண்டுத் தூண்டில்: "உங்கள் வாகன நிறுத்த அனுமதி இன்று மாலையோடு ரத்தாகிறது." நானூறு ஊழியர்களில் ஒரே ஒருவர் மாட்டினார். நோயாளிகளைப் பதிவு செய்யும் சேர்க்கைப் பிரிவின் எழுத்தர்.

இந்தப் பெண்ணை எழுதத்தான் திணறினேன். முதல் வரைவில் அவருக்கு நோயாளித் தாயைக் கொடுத்தேன். இரண்டாவதில் கண்பார்வைக் குறை. அக்கா படித்துவிட்டு, "ஏன்டா, நல்லா இருக்கிறவளுக்கு வேலை போனா உனக்குப் பாவமா தெரியாதா?" என்றாள். இரண்டையும் எடுத்துவிட்டேன். அவர் திடகாத்திரமானவர். தாயார் தினமும் நடைப்பயிற்சி போகிறார். சன்னலுக்கு அந்தப் பக்கம் பதினைந்து பேர் நிற்க, தோளில் தொலைபேசியை இடுக்கிக்கொண்டு பாஸ்வேர்டைத் தட்டிவிட்டார், அவ்வளவுதான்.

அவரை வேலையை விட்டே அனுப்பப் பார்க்கிறார் மருத்துவமனை நிர்வாகி. "மத்தவங்க எல்லாரும் தப்பிச்சாங்க, இவங்க ஒருத்தர்தான் ஏமாந்தாங்க. அப்போ குறை யார்கிட்ட?" நாளை நடக்கும் நிர்வாகக் கூட்டத்தில், அத்தானின் அறிக்கையை வைத்துத்தான் முடிவு.

4

இனி வருவது நான் சொல்லக் கூடாதது.

தூண்டில்கள் எல்லோருக்கும் ஒரே நாளில் போகாது. கணினி தன் இஷ்டத்துக்கு மூன்று வாரங்களில் பிரித்து அனுப்பும். ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்கத் தன் முகவரியையும் பட்டியலில் சேர்த்த அத்தான், சேர்த்ததைச் சுத்தமாக மறந்துவிட்டார். பத்தொன்பதாம் நாள் காலை. வகுப்புக்கு நேரமாகிவிட்டது. ஒரு காலில் மட்டும் ஷூவோடு நின்றபடி மின்னஞ்சலைப் பார்த்தவர், "பதினஞ்சு வருஷமா அந்த ஆஸ்பத்திரியில வண்டி விடறேன், எவன்டா ரத்து பண்றவன்?" என்று கத்திக்கொண்டே பாஸ்வேர்டைத் தட்டினார். இருபத்துநாலு எழுத்து, ஒரு பிழை இல்லை. திரையில் அவரே எழுதிய வாசகம் வந்தது: "பதற வேண்டாம். இது ஒரு பயிற்சி."

"அப்படியே உக்காந்துட்டார்டா" என்றாள் அக்கா. "தண்ணி கொண்டுவந்து குடுத்தேன். சிரிப்பை அடக்கிப் பாத்தேன், முடியல."

இது வெளியே தெரிந்தால் எழுத்தர் பிழைத்துக்கொள்வார். தூண்டில் போட்டவரே மாட்டிய இடத்தில், மாட்டியவரை எப்படி அனுப்புவது? ஆனால் முப்பத்திரண்டு வருடப் பெயர் ஒரு பார்க்கிங் மின்னஞ்சலில் கேலிக்கூத்தாகும். (சோதிப்பவரின் முகவரியைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று விதி இருக்கிறது. விதியை எழுதியவரும் அத்தான்தான்.)

5

முடிவு அ. கூட்டத்தில் அத்தான் எழுந்து உண்மையைச் சொல்கிறார். கைத்தட்டல் கூரையைப் பிளக்கிறது. நிர்வாகி கண் கலங்கி...

(நிறுத்திவிட்டேன். அந்த நிர்வாகியை நான் பார்த்திருக்கிறேன். அது கலங்குகிற கண் இல்லை.)

முடிவு ஆ. அத்தான் வாயைத் திறக்கவில்லை. மலர் வெளியாகிறது. எழுத்தர் மேசையைக் காலி செய்கிறார்.

(இதை எழுதக் கை தயங்கவே இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.)

6

இன்று மதியம் அறிக்கையை என்னிடம் பிழை பார்க்கக் கொடுத்துவிட்டு அத்தான் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டார். நான்காம் பக்கத்தில் இருந்தது: "ஏமாந்தவர்கள்: 1. பிரிவு: சேர்க்கை."

"பிழை ஏதாவது இருக்கா?"

"எழுத்துப்பிழை இல்ல அத்தான்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்க அக்கா சொல்லிட்டாளா?"

"சொல்லிட்டா."

"சிரிச்சியா?"

"ரொம்ப."

அவரும் சிரித்தார். பாதியில் நின்றுவிட்டது.

"அந்தப் பொண்ணு என்னைத் தேடி வந்துச்சுடா. 'சார், நான் அவ்வளவு முட்டாளா'ன்னு கேட்டுச்சு. 'அடுத்த தடவை கவனமா இருங்க'ன்னு சொல்லி அனுப்பினேன். அன்னிக்குக் காலையிலதான் நான் மாட்டியிருந்தேன்."

எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. கூடவே பாசமும் வந்து தொலைத்தது. லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். அந்த 1-க்குப் பக்கத்தில் கர்சர் கோடு துடித்துக்கொண்டிருந்தது. அவர் கை மேசைமேல் வந்தது.

இதற்குமேல் நான் எழுதினால் அவரை நல்லவராக்கிவிடுவேன். வாரத்துக்கு இரண்டு நாள் அவர் வீட்டில் சாப்பிடுகிறவன். உங்களுக்கு அந்தத் தயவுதாட்சண்யம் கிடையாது. நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். 1-ஓ 2-ஓ, நீங்களே போடுங்கள். கூட்டம் நாளைக் காலை பத்து மணிக்கு. அதுவரை அந்தப் பெண் சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, வருகிறவர்களின் பெயர்களைப் பதிந்துகொண்டிருப்பார்.