பத்தடி தூரம்

கார் கழுவும் கொட்டகையில் காலை பதினொரு மணிக்குள் பதினெட்டு வண்டிகள் முடிந்திருந்தன. அண்ணி குழாயைப் பிடித்து நுரை போகக் கழுவுவாள். கழுவிய வண்டியில் தானே ஏறி அதைப் பத்தடி முன்னால் நகர்த்துவாள். அங்கே நாத்தனார் துணியால் துடைப்பாள். இருவருக்கும் ஒரே வீடு, ஒரே அடுப்பு. வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கிளம்பினாலும் இங்கே வந்தால் வாய் ஓயாது.

"கண்ணாடியில நுரை அப்படியே இருக்கு அண்ணி. வீட்ல பாத்திரம் தேய்க்கிற லட்சணம்தான் இங்கயும்."

"துடைக்கத்தானே உனக்குச் சம்பளம்? பேசாம துடைடி."

வண்டியை நகர்த்தத் தனி ஆள் கிடையாது. சாவி வண்டியிலேயே இருக்கும். அண்ணிக்கு லைசென்ஸ் இல்லை. மற்றவர்கள் செய்வதைப் பார்த்துப் பார்த்து மூன்று வருஷத்தில் பழகிக்கொண்டாள். காலில் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். ஆண்கள் அளவுதான் வாங்கி வைத்திருந்தார்கள். உள்ளே பாதி இடம் காலி, அடியில் எந்நேரமும் சோப்புத் தண்ணீர்.

பத்தொன்பதாவது வண்டி கிளட்ச் இல்லாத புது மாதிரி. பின்னால் ஒருவன் விடாமல் ஹாரன் அடித்தான். வாசலில் நின்ற சூப்பர்வைசர், "சீக்கிரம் நகத்தும்மா, கழுத்தறுக்கிறான்!" என்று கத்தினார். அண்ணி ஏறி உட்கார்ந்தாள். வண்டி மெல்ல உருண்டது. நிறுத்துவதற்காக மிதித்தாள். நிற்காமல் சீறியது. பதறிப்போய் இன்னும் அழுத்தினாள். அழுத்த அழுத்த ஓடியது. தண்ணீர்த் தொட்டியருகே துணி பிழிந்துகொண்டிருந்த நாத்தனார் நிமிர்ந்து பார்த்து வாயைத் திறந்தது கண்ணாடி வழியே தெரிந்தது. என்ன கத்தினாள் என்று கேட்கவில்லை. தொட்டிச் சுவரில் மோதித்தான் வண்டி நின்றது. நடுவில் நாத்தனாரின் வலது முழங்கால் மாட்டியிருந்தது.

லாரியோடு வெளியூர் போயிருந்த அண்ணியின் புருஷன் போனில் முதலில் கேட்டது, "வேணும்னேயா ஏத்தின?" என்பதுதான். அன்று ராத்திரி அழுதாள். அதற்கப்புறம் அவளுக்கு அழுகை வரவில்லை.

மூன்றாம் நாள் காலை சூப்பர்வைசர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக உட்காரச் சொன்னார்.

"எதைம்மா மிதிச்ச?"

"பிரேக்கத்தான் சார்."

"வண்டிக்குள்ள ஒரு பெட்டி இருக்கு. எல்லாம் அதுல பதிவாகும். பிரேக்க நீ தொடவே இல்லன்னு இருக்கு."

அவள் குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். "சத்தியமா எனக்குத் தெரியல சார். அந்த பூட்ஸ மாட்டிக்கிட்டா எது மேல கால் இருக்குன்னே தெரியாது."

சூப்பர்வைசர் டைப் அடித்த தாளை அவள் பக்கம் தள்ளினார். அவள் விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். 'ஓட்டுநராகிய நான், எவருடைய அனுமதியும் இன்றி வாகனத்தை எடுத்து, தவறான மிதியை அழுத்தியதால்' என்று ஆரம்பித்தது.

"ஓட்டுநரா? டிரைவர் சம்பளம் கேட்டப்போ, பத்தடி நகத்துறதெல்லாம் ஒரு ஓட்டுறதான்னு சிரிச்சீங்களே சார்?"

அவர் பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். "எனக்கும் புள்ளகுட்டி இருக்கும்மா. நீ கையெழுத்துப் போடலன்னா நகத்தச் சொன்னது யாருன்னு கேட்டு என் தலையில வந்து விடியும். நீ போட்டா உன் நாத்தனார் ஆபரேஷன் செலவ முதலாளி பாத்துக்குவாரு. இன்னிக்கு மத்தியானமே பண்ணிடுவாங்க. தள்ளிப்போனா கால் விறைச்சுப்போயிடும்னு டாக்டர் சொன்னாரில்ல?"

"என் வேலை?"

"அனுமதி இல்லாம எடுத்தேன்னு எழுதிக் குடுத்தவங்கள எப்படிம்மா வெச்சுக்கிறது?"

இருபத்தாறு வயதுப் பெண் காலை இழுத்துக்கொண்டு நடப்பதை நினைத்துப் பார்த்தாள். கையெழுத்துப் போட்டாள். நகல் ஒன்றை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்கு நடந்தாள்.

நாத்தனாரின் கால் தலையணைமேல் உயர்த்தி வைக்கப்பட்டிருந்தது. முட்டிக்குக் கீழே வீங்கிப் பளபளத்தது. உதடு காய்ந்திருந்தாலும் வாய் மட்டும் குறையவில்லை.

"நேத்து ராத்திரியிலேருந்து பச்சத்தண்ணி கூடக் குடுக்கல அண்ணி. பசியில உன் சமையல் கூட ஞாபகத்துக்கு வருதுன்னா பாத்துக்கோயேன்."

"ஆபரேஷன் முடியட்டும்டி. அந்த வாய்க்கு நானே ஊட்டுறேன்."

நாத்தனார் அவள் கையைப் பிடித்து அருகில் இழுத்தாள். "நீ ஒண்ணும் பயப்படாத. உன்ன போலீஸ் கூட்டிட்டுப் போகாது."

"யார் சொன்னா?"

"காலங்காத்தால சூப்பர்வைசர் வந்தாரு. நிக்கக் கூடாத இடத்துல நான்தான் நின்னேன், தப்பு என் மேலன்னு எழுதி எடுத்துட்டு வந்திருந்தாரு. போட்டா உன் மேல கேஸ் வராதுன்னாரு. போட்டுட்டேன். வீட்ல உன்கூடச் சண்ட போட எனக்கு வேற ஆளு யாரு இருக்கா?"

"அடிப்பாவி!" என்றாள் அண்ணி. பையிலிருந்த தாளை எடுத்துப் போர்வைமேல் விரித்தாள். நாத்தனார் தலையணைக்கு அடியிலிருந்து தன்னுடையதை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். இரண்டையும் மாறி மாறிப் படித்தார்கள்.

அண்ணி சூப்பர்வைசருக்குப் போன் போட்டாள். நான்காவது முறை எடுத்தார்.

"நான் மேல சொல்லிப் பாத்தேம்மா. ரெண்டு பேருமே அவங்கவங்க தப்புன்னு எழுதிக் குடுத்தப்புறம் கம்பெனி எதுக்குச் செலவு பண்ணணும்னு கேக்குறாங்க. நான் என்ன பண்ணட்டும், சொல்லு?"

அவள் பதில் சொல்வதற்குள் நர்ஸ் வந்தாள். கையிலிருந்த ஆபரேஷன் பட்டியலில் ஒரு பெயரை அடித்தாள். கட்டில் கம்பியில் தொங்கிய 'ஆகாரம் கூடாது' அட்டையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒரு தம்ளர் தண்ணீரை நாத்தனாரின் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தாள்.

"இனிமே நீங்க சாப்பிடலாம்மா," என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.