ஒன்பது நாள் இருமல்

வெளிநாட்டிலிருந்து வந்து படிப்பை முடித்தவர்கள் அங்கேயே தங்கி வேலை பார்ப்பதற்கான விசா அவளுக்குக் கிடையாது என்று வந்த கடிதத்தைப் பத்துத் தடவை படித்துவிட்டாள். படிக்கப் படிக்க எழுத்து மாறுமா என்ன. விண்ணப்பத்தோடு போலீஸ் சான்றிதழும் கல்லூரிக் கடிதமும் இல்லை, ஒரு வாரத்துக்குள் அனுப்பச் சொல்லி ஈமெயில் போட்டோம், பதில் வரவில்லை என்றது கடிதம். படித்த ஆய்வகத்திலேயே கிடைத்திருந்த வேலை இதோடு காலி.

இரண்டு தாளும் அவள் பையில்தான் கிடந்தன. கேட்கும்போது கொடுக்கலாம் என்று இருந்துவிட்ட மகராசி. கேட்ட நேரத்தில் ஒன்பது நாள் காய்ச்சலிலும் இருமலிலும் அடித்துப் போட்ட மாதிரி கிடந்தாள்.

"மேல்முறையீடு பண்ணலாம்," என்றாள் வக்கீலம்மா. "ஆனா காய்ச்சல்னு நிரூபிக்கணும். டாக்டர்கிட்ட போனீங்களா?"

"எழுந்திரிக்கவே முடியல மேடம். இருந்த மாத்திரையப் போட்டுக்கிட்டேன்."

"யாராவது வந்து பார்த்தாங்களா?"

"யாரும் வரல."

"அம்மாகிட்டயாவது சொல்லியிருப்பீங்க. அந்த மெசேஜ் போதும்."

அவள் போனை நீட்டினாள். ஒன்பது நாளும் ஒரே வரி: சாப்பிட்டேன், நல்லா இருக்கேன். ஆறாம் நாள் மட்டும் கூடுதலாக, வெயிட் போட்டுட்டேன். அம்மாவிடம் பொய் சொல்லாத பிள்ளை இல்லை, அதற்காக இவ்வளவு பொறுப்பாகவா சொல்வது?

வக்கீலம்மா போனைக் குப்புற வைத்தாள். "இத மட்டும் யாருக்கும் காட்டிடாதீங்க."

திரும்பும்போது பஸ்ஸில் யோசித்தாள். ஆய்வகத்தில் தினமும் பார்த்துச் சிரிக்கிறவர்கள் இருபது பேர். ஒன்பது நாள் அவளைக் காணோம் என்பது அதில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. விசா போனதைவிட அதுதான் அவளுக்குப் பெரிதாகப் பட்டது.

அறையைக் காலி செய்ய வேண்டிவரலாம் என்று வீட்டுக்காரம்மாவிடம் சொன்னாள். அந்த அம்மாள் அலமாரியிலிருந்து ஒரு தாளை எடுத்துப் போட்டாள்.

"உன்மேல புகார் வேற வந்திருக்கு, பாரு."

பக்கத்து அறை பஸ் டிரைவர் எழுதியது. ராத்திரி டூட்டி முடிந்து வந்தால் அந்தப் பெண்ணின் இருமலில் தூங்க முடியவில்லை, நடவடிக்கை எடுக்கவும். ஒன்பது தேதிகளையும் வரிசையாகப் போட்டிருந்தார், ஒரு நாள் விடாமல்.

"இந்த மனுஷன உடனே கூட்டிட்டு வாங்க," என்றாள் மறுநாள் அந்தத் தாளைப் பார்த்த வக்கீலம்மா.

டிரைவர் வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, சாட்சித் தாளில் கையெழுத்துப் போட்டார்.

"கோவிச்சுக்காதம்மா. புகார் குடுத்த அன்னைக்கே இருமல் நின்னுபோச்சு. அப்பதான் பயமாயிடுச்சு. உன் கதவுகிட்ட வந்து நின்னேன். உள்ள குழாய் திறக்கிற சத்தம் கேட்டுது. சரின்னு போயிட்டேன்."

"தட்டியிருக்கலாமே," என்றாள் அவள். அழக்கூடாது என்றுதான் நினைத்திருந்தாள்.

"தட்டியிருக்கலாம்." அவர் தாளைப் பார்த்தார். "உறவுமுறைன்னு ஒண்ணு கேட்டிருக்கு. என்ன எழுத?"

"பக்கத்து ரூம்னு எழுதுங்க."

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் பதில் வந்தது. அவள் விண்ணப்பத்தை மறுபடி எடுத்துக்கொண்டார்கள், இரண்டு தாளையும் அனுப்பச் சொன்னார்கள். அனுப்பிவிட்டு, அம்மாவுக்குக்கூடச் சொல்லாமல் பக்கத்துக் கதவைத் தட்டினாள். டிரைவர் இன்னும் டூட்டியிலிருந்து வரவில்லை. அவள் தன் அறைக்கு வந்து சுவரோரமாக உட்கார்ந்து, சாவி திருகும் சத்தம் கேட்கிறதா என்று காத்திருந்தாள்.