கை பட்ட கம்பி

அந்த அறைக்குள் நுழைகிறவர்கள் தாமாகவே குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். உள்ளே குழந்தை எதுவும் தூங்கவில்லை. ஓர் உலை, அதற்குள் விரல் தடிமனில் ஓர் எஃகுக் கம்பி, அதை இழுத்துக்கொண்டிருக்கும் எடைத்தட்டு, அவ்வளவுதான்.

சூட்டிலும் பாரத்திலும் எஃகு கண்ணுக்குத் தெரியாமல் நீண்டுகொண்டே போகும்; ஒருநாள் அறும். எப்போது அறும் என்று முன்கூட்டியே சொல்லும் சூத்திரத்துக்காகத்தான் இந்த அறையை அமைத்த விஞ்ஞானி தன் ஆயுளைச் செலவழித்தார். பதினைந்தாம் வருடம் அறும் என்று சொல்லித்தான் இந்தக் கம்பியை மாட்டினார். அதற்குள் அவரே போய்ச் சேர்ந்துவிட்டார். கம்பி அசைந்து கொடுக்கவில்லை.

அவரிடம் படித்து, அவருக்குப் பின் அறையைக் கட்டிக்காத்தவளுக்கு ‘உலைக்காரி’ என்று பட்டப்பெயர். காதில் விழாதது போல இருக்க அவளும் பழகியிருந்தாள். இது அந்தப் பதினைந்தாம் வருடம்; கொஞ்ச நாட்களாகக் கம்பி வேகமாக நீளத் தொடங்கியிருந்தது. இன்றைக்கோ நாளைக்கோ என்கிற நிலை. அறுந்தால் சூத்திரம் மின்நிலையக் கொதிகலன்களுக்கான விதிகளில் ஏறும். அவளுடைய பாதி வாழ்க்கைக்கும் அர்த்தம் கிடைக்கும்.

இந்த நேரம் பார்த்துத்தான் ஆய்வுக்கூட இயக்குநர் விஞ்ஞானியின் நினைவுக் கூட்டத்தை அந்த அறையிலேயே வைத்தார். மைக்கைப் பார்த்துவிட்டால் அவருக்கு இடம் பொருள் ஏவல் எதுவும் தெரியாது. வேண்டாமென்று உலைக்காரி தலைகீழாக நின்று பார்த்தாள், எடுபடவில்லை. வந்தவர்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். உலைக்குப் பக்கத்தில் விஞ்ஞானியின் மனைவி. கணவர் இருந்தவரை அவரை இந்த வாசலைத் தாண்ட விட்டதே இல்லை.

மௌன அஞ்சலி தொடங்கியது. கண்ணை மூடி நின்ற மனைவிக்குக் கால் தடுமாறியது. பிடிமானம் தேடிய கை எடைத்தட்டின் மேல் அழுந்த ஊன்றியது. தடாரென்று எடைகள் கீழே மணல் பெட்டியில் விழுந்தன.

“அறுந்துடுச்சு! சார் சொன்ன அதே வருஷம்!” இயக்குநர் துள்ளிக் குதிக்காத குறை. கைதட்டல் அடங்கவே இல்லை. உலைக்காரியிடம் மைக்கை நீட்டினார். “மேடம், நீங்களே அறிவிச்சிடுங்க.”

எல்லோரும் கண்ணை மூடியிருந்தபோது உலைக்காரி மட்டும் மூடவில்லை. கை பட்ட கம்பி கணக்கில் சேராது என்பது விஞ்ஞானியின் சட்டம். துடைப்பம் இடித்துவிட்டது என்பதற்காக அவளுடைய முதல் சோதனையையே தூக்கிக் குப்பையில் போட்ட மனிதர் அவர். இப்போது அவள் வாயை மூடிக்கொண்டால் போதும். எப்படியும் இன்னும் இரண்டு நாளில் அறுந்திருக்கும். ஆனால் அறுந்திருக்கும் என்பது வேறு, அறுந்தது என்பது வேறு. இந்தச் சூத்திரத்தை நம்பித்தான் யாரோ ஒருவர் கொதிக்கும் குழாய்க்கு அடியில் நின்று வேலை பார்க்கப் போகிறார்.

“செல்லாது சார்,” என்றாள். “தட்டுல என் கை பட்டுடுச்சு.”

இயக்குநரின் முகம் செத்துப்போனது. “இத்தனை வருஷத்தைப் பாழாக்கிட்டீங்களே மேடம்! உங்களை நம்பி விட்டோம் பாருங்க, எங்களைச் சொல்லணும்.”

கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது. மனைவி மட்டும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

“உனக்குப் பொய் சொல்ல வரலம்மா. ஊன்றினது நான்தானே?”

“ஆமாம்மா.”

“அவரா இருந்தா?”

“உங்க பேரைச் சொல்லியிருப்பார்.”

“சொல்லுவார். அதுவும் மைக்ல.” மனைவிக்குச் சிரிப்பு வந்தது, சிரித்து முடிப்பதற்குள் கண் நிறைந்துவிட்டது. “இந்தக் கம்பி அறுந்தா மனுஷன் வீடு தங்குவார்னு வருஷக்கணக்கா காத்திட்டிருந்தேன்.”

ஆனாலும் உலைக்காரி உள்ளதைத்தான் சொன்னாள். “அறுந்திருந்தா அடுத்ததை மாட்டியிருப்பார்மா.”

அலமாரியைத் திறந்து புதுக் கம்பி ஒன்றை எடுத்தாள். உலை ஆறியதும் மாட்ட வேண்டும். அதற்கு முன் அளந்து வைக்க வேண்டும்.

“இது எப்ப அறும்?”

“இன்னொரு பதினஞ்சு வருஷம். அதுக்குள்ள நான் ரிட்டையர் ஆகிடுவேன்.”

மனைவி எழுந்து, இரண்டு கைகளையும் முந்தானைக்குள் மடக்கிக்கொண்டு, கதவோரம் போய் நின்றார்.