வாலில்லாத ஞாயிற்றுக்கிழமை

விராலிமலை பஸ் நிறுத்தத்துக்குத் தெற்கே ராக்கனின் வாட்டுக்கடை இருந்தது. முன்பக்கம் கறிக்கடை, பின்பக்கம் கீற்றுக் கொட்டகை. கொக்கியில் தொங்கும் ஆட்டில் ஜனங்கள் கை காட்டிய இடத்தை ராக்கன் அறுத்துக் கொடுப்பான். அங்கேயே சாப்பிட நினைப்பவர்களுக்கு அவன் மனைவி அமராவதி அதில் உப்பும் மிளகும் அரைத்த வரமிளகாயும் தடவி, இரும்புக் கம்பியில் கோத்து, புளியமரக் கரி நெருப்பில் வாட்டித் தருவாள்.

அந்த வாசனை மணப்பாறை வரைக்கும் போய் ஆளைத் தட்டி எழுப்பும். திருச்சியிலிருந்து மதுரைக்குப் போகிற பஸ் டிரைவர்களுக்கு அந்த இடம் வந்ததும் கால் தானாகப் பிரேக்கில் போய் உட்காரும். கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு மாப்பிள்ளை இங்கே இறங்கி 'ஒரே ஒரு கம்பி' என்று உட்கார்ந்து, காலை முகூர்த்தத்தைக் கோட்டை விட்டுவிட்டு மாலை முகூர்த்தத்தில் தாலி கட்டினான். பெண் வீட்டார் கோபப்படவில்லையாம். அவன் ஒரு பொட்டலம் கையோடு கொண்டு போயிருந்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றில், கொடும்பாளூர் மூவர் கோயிலைப் பார்க்க வருகிற வெள்ளைக்காரர்களும் இந்தக் கடைக்கு வர ஆரம்பித்தார்கள். கோயிலில் கால் மணி நேரம், ராக்கன் கடையில் ரெண்டு மணி நேரம்.

ராக்கனைப் பார்த்தால் யாருக்கும் பயம் வரும். ஆறடி உயரம். மீசையில் முனைக்கொரு காக்கை உட்காரலாம். ஆனால் உள்ளே இருந்தது கடுகளவு மனசு. பஸ் ஒன்று நிற்காமல் போனால்கூட, 'நேத்து உப்புக் கூடிப்போச்சோ?' என்று அன்றைக்கெல்லாம் சோறு இறங்காது.

அவன் பயத்துக்குக் காரணம் ரோட்டுக்கு எதிர்ப்புறத்திலேயே உட்கார்ந்திருந்தது. அதன் பெயர் பெரியண்ணன். பத்து வருஷத்துக்கு முன்னால் ஊருக்கே கறி போட்டவர் அவர்தான். ஒரு தீபாவளிக்குச் செம்மறியை அறுத்து வெள்ளாடு என்று விற்றார். ஊர் சண்டைக்கு வரவில்லை, பஞ்சாயத்தும் வைக்கவில்லை. மறுநாளிலிருந்து அந்தப் பக்கம் போகவில்லை, அவ்வளவுதான். மூன்றே மாதத்தில் கறிக்கடை சைக்கிள் கடையாகிவிட்டது. இப்போது பெரியண்ணன் பஞ்சர் ஒட்டுகிறார். அவர் பம்பு அடிக்கும் 'புஸ்... புஸ்...' சத்தம் ராக்கனுக்கு எச்சரிக்கை மணி மாதிரி நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கும்.

அந்தத் தீபாவளிக்குப் பிறகு ஊரில் ஒரு வழக்கம் கெட்டியாகிவிட்டது. தோலை உரிக்கும்போது வாலை மட்டும் முடியோடு விட்டுவிட வேண்டும். வெள்ளாட்டு வால் குட்டையாக நிமிர்ந்து நிற்கும், செம்மறி வால் தொங்கும்; அதனால் கொக்கியில் இருப்பது வெள்ளாடுதான் என்பதற்கு வால்தான் சாட்சி. அந்தச் சாட்சியை ஊர் சார்பாக விசாரிக்கிறவள் முத்துமாரியம்மாள். பதினேழு பேர் சாப்பிடும் வீட்டுக்குத் தலைவி. ராக்கனுக்கு மதினி முறை. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சிவப்புச் சேலையும் பித்தளைத் தூக்குவாளியுமாக வருவாள். வாலை விரலால் ஒரு சுண்டு சுண்டுவாள். தலையை ஆட்டுவாள். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் பையை நீட்டுவார்கள்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த கடைக்குள் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சோலையப்பன் நுழைந்தார். திருச்சியில் வேன் வைத்துக்கொண்டு வெள்ளைக்காரர்களை ஊர் சுற்றிக் காட்டுகிறவர். கறுப்புக் கண்ணாடி, வெள்ளைச் சராய், பாக்கெட்டில் இரண்டு பேனா.

"ராக்கா, நாளைக்குப் பதினோரு மணிக்கு அஞ்சு பேரக் கூட்டியாரேன். எல்லாம் பெரிய எடம். கடையச் சுத்தமா வச்சுக்க."

"சுத்தமாத்தான் இருக்கு, சார்."

சோலையப்பன் கொக்கியைப் பார்த்து மூக்கைச் சுருக்கினார். "இது என்னய்யா, மயிரும் அதுவுமா? சாப்பிடுற எடத்துல வாலத் தொங்க விட்டிருக்க! அவங்க பார்த்தா வாந்தி எடுத்துருவாங்க. அறுத்துப் போடு. இல்லன்னா வேன இங்க நிறுத்த மாட்டேன், ஆமா."

அன்று ராத்திரி ராக்கன் தூங்கவில்லை. வாலை அறுத்தால் ஊர் என்ன சொல்லும்? அறுக்காவிட்டால் வேன் நிற்காது. வேன் நிற்கவில்லை என்றால் பஸ்ஸும் நிற்காது. பஸ் நிற்கவில்லை என்றால்... புஸ்... புஸ்... என்று காதுக்குள் பம்பு அடித்தது.

'ஊருக்கு என்னைத் தெரியும். வெள்ளைக்காரனுக்குத் தெரியாது' என்று விடியற்காலையில் ஒரு சமாதானம் பிறந்தது. தொங்கிய மூன்று கிடாய்களின் வாலையும் நறுக், நறுக், நறுக் என்று அறுத்துப் பின்பக்கம் வீசினான். தோல்கள் முதல் வண்டியிலேயே திருச்சிக்குப் போய்விட்டன. தலைகளை அமராவதி வாட்டி வெட்டிக் குழம்பில் போட்டுவிட்டாள். ஆக, மூன்று ஆட்டுக்கும் அடையாளம் என்று ஒன்றும் மிச்சமில்லை. இது ராக்கனுக்கு அப்போது உறைக்கவில்லை.

ஆறரை மணிக்கு முத்துமாரியம்மாள் வந்தாள். வழக்கம்போல் விரலை நீட்டினாள். விரல் காற்றைச் சுண்டியது.

அவள் முதல் ஆட்டைப் பார்த்தாள். இரண்டாவதைப் பார்த்தாள். மூன்றாவதைச் சுற்றி வந்து பார்த்தாள். பிறகு ராக்கனின் முகத்தைப் பார்த்தாள்.

"மதினி, அது வந்து..." என்று ராக்கன் ஆரம்பித்தான்.

அவள் வாளி மூடியை 'டங்' என்று மூடிக்கொண்டு வந்த வழியே திரும்பினாள். அந்த 'டங்' சத்தம் மலை மேல் மோதித் திரும்பி வந்து ராக்கனின் நெஞ்சில் விழுந்தது. மலையில் இருந்த மயில்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அகவின.

ஏழு மணிக்கு ஒருவரும் வரவில்லை. எட்டு மணிக்கு ஈ வந்தது. அந்த ஈகூட ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, உட்காராமல் போய்விட்டதாக ராக்கனுக்குத் தோன்றியது.

ஆனால் பேச்சு மட்டும் சும்மா இருக்கவில்லை. பஸ் நிறுத்தத்தில் 'ராக்கன் செம்மறி அறுத்திருக்கானாம்' என்று கிளம்பியது, தேர்முட்டிக்குப் போனபோது 'சீக்குச் செம்மறி' ஆனது. குளத்தங்கரையில் அது லாரியில் அடிபட்டுச் செத்தது. ஊரைச் சுற்றிக் கடைக்குத் திரும்பி வந்தபோது, 'அது ஆடே இல்லையாம்பா, நாலு நாளா தெருவுல ஒரு நாயக் காணோம்' என்று முடிந்திருந்தது.

எதிர்ப்புறத்திலிருந்து பெரியண்ணன் குரல் கொடுத்தார். "என்ன ராக்கா, இன்னைக்குக் கூட்டத்தையே காணோம்? எங்கிட்ட பழைய பம்பு ஒண்ணு சும்மா கெடக்கு. வேணும்னா எடுத்துக்கப்பா!"

ராக்கனுக்கு வியர்த்துக் கொட்டியது. கடைக்குள் வெள்ளம் வந்துவிடும் போலிருந்தது.

அமராவதி நெருப்பை விசிறிக்கொண்டே கேட்டாள். "ஏங்க, ஒருத்தர் சொன்னா ஒடனே அறுத்துர்றதா? நாளைக்கு அந்தாளு மீசை நல்லா இல்லேம்பாரு. அதையும் செரைச்சுக்குவீங்களா?"

"இப்ப என்னடி பண்ணச் சொல்ற?"

"நானா அறுத்தேன்? போயி வாலத் தேடுங்க!"

ராக்கன் பின்பக்கம் ஓடினான். ஒரு வாலைக் காக்கைகள் கொண்டு போயிருந்தன. இன்னொன்றின் முடி மட்டும் குப்பையில் கிடந்தது. மூன்றாவதை ஒரு செவலை நாய் வாயில் கவ்விக்கொண்டு ரோட்டைத் தாண்டி, பெரியண்ணன் கடை வாசலில் போய்ச் சாவகாசமாகப் படுத்திருந்தது. ஆறடி மனிதன் அந்த நாயோடு நடுரோட்டில் கட்டிப் புரண்டான். மதுரை பஸ் ஒதுங்கி நின்று வழிவிட்டது. கடைசியில் வால் ராக்கன் கையிலும், வேட்டியில் பாதி நாயின் வாயிலும் இருந்தன.

வால் கிடைத்தது. அதை எப்படி ஒட்டுவது? ராக்கன் கோணி ஊசியை எடுத்தான். சணலைக் கோத்து, முன்னால் தொங்கிய முதல் ஆட்டில் நாலு தையல் போட்டான். அவசரத்தில் ஒரு தையல் அவன் கட்டைவிரலிலும் ஏறியது. சற்றுத் தள்ளி நின்று பார்த்தான். வால் கொஞ்சம் கோணலாக, எதையோ கேட்டு ஆச்சரியப்பட்டது போல நின்றது.

அதைப் பஸ் நிறுத்தத்திலிருந்து யாரோ பார்த்துவிட்டார்கள். அவ்வளவுதான்.

"காலையில இல்லாத வாலு பத்து மணிக்கு மொளைச்சிருக்காம்ல!"

காலையில் கறி வாங்க வராத ஊர், இப்போது வால் பார்க்கத் திரண்டு வந்தது. குமரிகள், கிழவர்கள், பள்ளிக்கூடம் லீவு விட்ட பிள்ளைகள், பாதிச் சவரத்தோடு ஒரு ஆள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு சிவப்புச் சேலை முன்னால் வந்தது. முத்துமாரியம்மாள் விரலை நீட்டினாள். ராக்கன் கண்ணை மூடிக்கொண்டு, தெரிந்த சாமிகளையெல்லாம் ஒரே மூச்சில் கூப்பிட்டான்.

ஒரு சுண்டு. வால் சணலோடு கழன்று அவள் கையில் வந்துவிட்டது.

சரியாக அந்த நேரத்தில், புழுதியைக் கிளப்பிக்கொண்டு சோலையப்பனின் வேன் வந்து நின்றது. ஐந்து வெள்ளைக்காரர்கள் இறங்கினார்கள். அவர்களில் நெட்டையான ஒரு அம்மாள் கையில் ஒரு துண்டுக் காகிதம். அதைப் படித்துப் படித்து அவள் கொக்கியில் தொங்கிய ஆடுகளின் பின்பக்கத்தையே எட்டிப் பார்த்தாள். பிறகு சோலையப்பனிடம் என்னவோ கேட்டாள். சோலையப்பனின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

"என்னய்யா கேக்குறாங்க?" என்றாள் முத்துமாரியம்மாள்.

சோலையப்பன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். "போன வருசம் வந்த சிநேகிதக்காரங்க எழுதிக் குடுத்தாங்களாம். இந்தக் கடையில செவப்புச் சேல கட்டுன ஒரு அம்மா வாலச் சுண்டிப் பாப்பாங்க, அவங்க தலையாட்டுனாத்தான் சாப்பிடணும்னு. அதான்... வாலு எங்கன்னு கேக்குறாங்க."

இதைக் கேட்டதும் ராக்கன் வெட்டுக்கட்டை மேலேயே உட்கார்ந்தான். அழுகையும் பேச்சும் சேர்ந்து வந்தன.

"மதினி, நாந்தான் அறுத்தேன். இந்தா நிக்கிறாரே, இவரு வெள்ளைக்காரங்க மொகம் சுளிப்பாங்கன்னு சொன்னாரு. புத்தி கெட்டுப்போயி அறுத்துட்டேன். கருப்பர் சத்தியமா மூணும் வெள்ளாட்டுக் கிடாதான். நம்புனா நம்புங்க. இல்லன்னா பெரியண்ணன்கிட்ட அந்தப் பழைய பம்ப வாங்கிக்கிறேன்."

முத்துமாரியம்மாள் கையிலிருந்த வாலின் முடியை விரலால் நீவிப் பார்த்தாள். அதைக் கொண்டுபோய் முதல் ஆட்டின் வெட்டில் வைத்தாள், சேரவில்லை. இரண்டாவதில் வைத்தாள், சேரவில்லை. மூன்றாவதில் வைத்தாள். பெட்டிக்கு மூடி மாதிரிப் பொருந்தி உட்கார்ந்தது.

"நல்லாத் தச்சீங்க கொழுந்தனாரே, ஒரு ஆட்டு வால இன்னொரு ஆட்டுக்கு!" என்றாள். கூட்டம் சிரித்தது. "சரி, இது வெள்ளாடு. மத்த ரெண்டுக்கும் சாட்சி யாரு?"

முத்துமாரியம்மாள் ரோட்டின் எதிர்ப்புறம் திரும்பினாள்.

"பெரியண்ணே! இங்கிட்டு வாங்க. செம்மறிய வெள்ளாடுன்னு வித்தவருக்குத்தான் ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் நல்லாத் தெரியும். தின்னு பாத்துச் சொல்லுங்க."

ராக்கனுக்கு உலகம் இருண்டது. பத்து வருஷமாக எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிற மனிதர்! ஒரே ஒரு வார்த்தை, 'செம்மறி' என்று சொன்னால் போதும். நாளைக்கு ஊரில் இரண்டு பஞ்சர் கடை இருக்கும்.

பெரியண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அமராவதி இரண்டு ஆட்டிலும் ஒவ்வொரு துண்டு எடுத்து வாட்டினாள். பெரியண்ணன் கண்ணை மூடிக்கொண்டு முதல் துண்டை வாயில் போட்டார். மென்றார். ஒரு பஸ் வந்து, ஆளை இறக்கி, ஏற்றிக்கொண்டு போயிற்று. அவர் இன்னும் மென்றுகொண்டிருந்தார். இரண்டாவதைப் போட்டார். ராக்கனின் மீசையில் ஒரு முடி அந்த இடத்திலேயே நரைத்தது. வெள்ளைக்காரர்கள்கூடத் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்கள்.

பெரியண்ணன் விழுங்கினார். கண்ணைத் திறக்கவில்லை.

"வெள்ளாடு," என்றார். "ரெண்டும்."

"நெசமாவா?" என்றாள் முத்துமாரியம்மாள்.

"ஒருவாட்டி பொய் சொல்லிப் பத்து வருசமா பம்பு அடிக்கிறேன், தாயி. இன்னொருவாட்டி சொன்னா பம்பும் போயிரும்." நாக்கால் பல்லைத் துழாவிக்கொண்டு அமராவதி பக்கம் திரும்பினார். "உப்பு மட்டும் ஒரு கல்லு தூக்கல்."

முத்துமாரியம்மாள் வாளியைத் திறந்தாள். தலையை ஆட்டினாள். அதைப் பார்த்ததும் நெட்டை அம்மாளும் தலையை ஆட்டினாள். மற்ற நாலு வெள்ளைக்காரர்களும் ஆட்டினார்கள். அன்றைக்கு மூன்று கிடாயும் முக்கால் மணி நேரத்தில் காலி. சோலையப்பனுக்குக் கடைசியில் வெறும் குழம்புதான் கிடைத்தது. பெரியண்ணனுக்கு அமராவதி தானாகவே இலை போட்டுச் சோறு வைத்தாள். பத்து வருஷத்தில் அவர் அந்தக் கொட்டகைக்குள் காலெடுத்து வைத்தது அன்றுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு வேன் வந்தது. மூன்று வாலும் முடியோடு கம்பீரமாக நின்றன. முத்துமாரியம்மாள் சுண்டி முடித்ததும், இருபத்திரண்டு வெள்ளைக்காரர்கள் அவளுக்குப் பின்னால் வரிசையாக நின்று ஆளுக்கொரு சுண்டு சுண்டினார்கள். ஒருவர் பத்தவில்லை என்று மறுபடியும் வரிசையில் போய் நின்றார்.

ராக்கன் கத்தியும் கையுமாக ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவன் நெற்றியில் வியர்வை முத்து முத்தாகக் கோத்தது.

"இப்ப என்ன வந்துச்சு ஒங்களுக்கு?" என்றாள் அமராவதி.

"இல்லடி," என்றான் ராக்கன் மெல்ல. "இத்தன பேரு சுண்டுனா வாலு தாங்குமா?"