சாவு வீட்டு ஸ்பானிஷ் ரெக்கார்டு

அர்ஜுனனிடம் ஒரு ஸ்பானிஷ் ரெக்கார்டு இருந்தது. மெட்ராஸ் மூர் மார்க்கெட்டில் பழைய சாமான் விற்கிறவன் தலையில் கட்டியது. உறையில் மெல்லிய மீசையோடு ஒருவன், யாரோ ஏமாற்றிவிட்ட மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான்.

வாலாஜாபாத் பக்கம் இருந்த ஸ்பெயின் தேசத்துப் பாதிரியார்தான் அர்த்தம் சொன்னார். காதல் பாட்டு. நீ வராத வீட்டில் விளக்கேற்ற மாட்டேன் என்கிறான். பாடுகிறவன் மெக்சிகோக்காரன். இவனோ இவன் மாதிரி இன்னொருவனோ ரேடியோவில் பாடினால் தன் அம்மா அடுப்பில் பாலைப் பொங்கவிட்டு நிற்பாள் என்றும் சொன்னார்.

அர்ஜுனன் மைக் செட் வைத்திருந்தான். காஞ்சிபுரத்துக் கல்யாணங்களில் சாமி பாட்டு, சினிமா பாட்டு எல்லாம் ஓடி முடிந்து, ஒயரைச் சுருட்டுவதற்கு முன்னால் இதை ஒரு தடவை போடுவான். ஒலிபெருக்கி ஹாரன் ஒன்றை, நெசவுக்காரர் மகள் காந்தா இருக்கும் தெருப் பக்கம் திருப்பிக் கட்டியிருப்பான். அவள் வீட்டில் பட்டு நூல் சுற்றிக்கொண்டிருப்பாள்.

"வெள்ளக்காரன் பாட ஆரம்பிச்சா எனக்குக் கை நின்னுடுது. நூலு அறுந்து அப்பாகிட்ட திட்டு வாங்கிக்கினு இருக்கேன்" என்று ஒருநாள் குழாயடியில் சொன்னாள். அவனுக்கு அது போதும். தை பிறந்ததும் அவள் அப்பா பஞ்சாட்சரத்திடம் பெண் கேட்பதாக இருந்தான்.

மார்கழியில் பஞ்சாட்சரம் தறிக்குழியில் உட்கார்ந்தபடியே செத்துப்போனார். செட்டுக்கு அர்ஜுனனைத்தான் கூப்பிட்டார்கள். சாவு வீட்டுக்கென்று அவனிடம் இருந்த ஒப்பாரி ரெக்கார்டுகள் இரண்டு. மத்தியானத்துக்குள் நாலு முறை ஓடிவிட்டன. உள்ளே காந்தா தலைவிரி கோலமாகக் கிடந்தாள். நான் இருக்கிறேன் என்று அவளுக்குச் சொல்ல அவனுக்கு வேறு வழி தெரியவில்லை. மீசைக்காரனைப் போட்டான்.

கூட்டம் ஹாரனைத் திரும்பிப் பார்த்தது. பிறகு காந்தாவின் அத்தை செல்லியம்மாள் மாரில் அடித்துக்கொண்டாள். "யாரு பெத்த புள்ளயோ, எங்கண்ணனுக்கு எப்பிடி அழுவுறான் பாருங்கடி."

தெருவே அழுதது. பாடை எடுக்கும்போது அதையே மறுபடி போடச் சொன்னார்கள். போட்டான்.

அதற்கப்புறம் காஞ்சிபுரத்தில் எவன் செத்தாலும் அந்தப் பாட்டு வேண்டும் என்றார்கள். வெள்ளைக்காரன் அழாத சாவு ஒரு சாவா என்று பேசும் அளவுக்குப் போனது. கல்யாண வீடுகளில் போட்டால் அடிக்க வந்தார்கள்.

தை போய் மாசியும் போனது. குழாயடியில் காந்தாவை நிறுத்தி, பெண் கேட்டு வரட்டுமா என்று கேட்டான்.

"அந்தப் பாட்டு கேட்டா எங்கப்பா பாடைதான் கண்ணு முன்னாடி வருது" என்றாள். "உன் மூஞ்சப் பாத்தாலும் அதான் வருது. நான் என்னா செய்யட்டும், சொல்லு."

"அது காதல் பாட்டு காந்தா."

"உனுக்குத் தெரியும். தெரிஞ்சும் போட்டியே."

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுவருஷம் ஆவணியில் ஐயம்பேட்டை சீனிவாசனுக்கும் அவளுக்கும் கல்யாணம். மைக் செட் அர்ஜுனனுடையதுதான். ஊரில் மலிவான செட் அவனுடையது. கல்யாணத்துக்கு முதல் நாள் செல்லியம்மாள் அவன் வீட்டுக்கு வந்து நின்றாள். "அந்த சாவு ரெக்கார்டு பொட்டிக்குள்ளகூட இருக்கக் கூடாதுப்பா. எட்த்து வெளிய வச்சிடு."

அவள் பார்க்கவே எடுத்து வெளியே வைத்தான்.

தாலி கட்டியதும் கெட்டிமேளம் ஓய்ந்து, சினிமா பாட்டு ஓடியது. ஹாரன் இரண்டும் பந்தல் பக்கமே திரும்பியிருந்தன. காந்தா தலை குனிந்திருந்தாள். ஒரு தடவைகூட செட்டுப் பக்கம் பார்க்கவில்லை.

பந்தி நடக்கும்போதே முசரவாக்கத்திலிருந்து ஓர் ஆள் சைக்கிளில் வந்தான். "பெரியவரு போயிட்டாருப்பா. சாயந்திரம் எட்க்கறோம். அந்த வெள்ளக்காரன் இருக்கானில்ல?"

"இருக்கான்" என்றான் அர்ஜுனன்.

ஒயரைச் சுருட்டினான். வீட்டுக்குப் போய் ரெக்கார்டை எடுத்துக்கொண்டு முசரவாக்கம் போனான். ஊசியை வைத்ததும் பெண்கள் ஓவென்று அழுதார்கள். அது என்ன பாட்டு என்று தெரிந்தவன் அங்கே அவன் ஒருவன்தான். முடிந்ததும் யாரோ இன்னொரு தடவை என்று கை காட்டினார்கள்.

ஊசியைத் தூக்கி மறுபடி ஓரத்தில் வைத்தான்.