அருமைநாயகியின் பெட்டி

வாசல் கதவைத் திறந்தால் நேரே முழங்காலில் இடிக்கிற இடத்தில் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தவள் என் மனைவி அருமைநாயகி. காட்போட் பெட்டிதான். ஆனால் ஓர் ஆளைக் குந்தவைத்து மூடலாம். லண்டனில் எங்கள் ஃபாரஸ்ட் கேட் வீட்டு ஹோலில் ஏற்கெனவே ஒருவர் போனால் மற்றவர் சுவரோடு ஒட்டி நிற்கவேண்டும்.

“என்ன இழவுக்கு இது?” என்றேன்.

“பிலிப்பைன்ஸ் பெட்டி. கோரா தந்தவ. நிரப்பிக் குடுத்தால் கப்பலிலை போகும்.”

“ஆருக்குப் போகும்?”

“போகேக்கை தெரியும்,” என்று சொல்லிவிட்டுச் சப்பாத்தைக் கழற்றிக் குசினிக்குள் போய்விட்டாள்.

கோரா என்பவள் முதியோர் இல்லத்தில் இவளோடு பதினைந்து வருஷம் வேலை செய்த பிலிப்பைன்ஸ்காரி. இரண்டு வருஷத்துக்கு முன் அவள் லீவில் ஊருக்குப் போனபோது இவளும் கூடப் போனாள். எனக்கு அப்போது பெற்றோல் ஷெட்டில் வேலை, லீவு தரமாட்டோம் என்றார்கள். போனது என் மனைவி. திரும்பி வந்தது யாரென்று எனக்கு இன்றுவரை சரியாக விளங்கவில்லை. கையால் குழைத்துச் சாப்பிட்ட மனுசி வலது கையில் கரண்டியும் இடது கையில் முள்ளுமாக உட்கார்ந்தாள். பன்றி இறைச்சியில் பழப்புளி விட்டு சூப் வைத்தாள். அட, அதுகூடப் பரவாயில்லை, ருசியாக இருந்தது. ஆனால் சனிக்கிழமைகளில் கோரா வீட்டுக்குப் போய் மைக்கைப் பிடித்துப் பாடுகிறாளே, அதைத்தான் என்னால் நம்ப முடியவில்லை. ஊரில் பாஷையூர்க் கோயில் பாடகர் குழுவில் பின்வரிசையில் நின்று வாயை மட்டும் அசைத்தவள் இவள்!

பெட்டி வந்த கிழமையே விஷயத்தைச் சொன்னாள். வெங்காயம் உரித்துக்கொண்டே, மழை பெய்கிறது என்பதுபோலச் சொன்னாள்.

“மாசியோடை வேலையை விடுறன். பிறகு கோராட ஊர் இலோயிலோவிலை போய் இருக்கப்போறன். கோராட அண்ணை வீட்டுக்குப் பக்கத்திலை சின்ன வீடொண்டு வாடகைக்கு இருக்கு. வாறியளோ?”

“உமக்கென்ன விசரே?” என்றேன்.

“ஏன், இஞ்சை எங்கட பென்ஷன் ஹீற்றர் போடவே காணாது. ஊரிலை சண்டை. சண்டை இல்லாட்டிலும் அங்கை போய் இருந்தால் பென்ஷன் கூட்டமாட்டாங்களாம், போன அண்டைக்கு இருந்ததுதான் கடைசிமட்டும். பிலிப்பைன்ஸிலை இருந்தால் வருசா வருசம் கூட்டுவாங்கள்.”

“அதுக்காக? முன்னைப்பின்னை தெரியாத நாட்டுக்கோ?”

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். “நான் வேலை செய்யிற இடத்திலை ரீவிக்கு முன்னாலை வரிசையாக் கதிரை போட்டிருக்கினம். ஆரும் பாக்க வராத சனம் அதிலைதான் இருக்கும். அந்தக் கதிரையிலை நான் இருக்கமாட்டன்.”

“நான் வரேல்லை,” என்றேன்.

“சரி,” என்றாள்.

அந்தச் சரிதான் என்னைக் குழப்பியது. நாற்பது வருஷத்தில் நான் மாட்டேன் என்ற எதையும் அவள் ஒரே சொல்லில் விட்டவளில்லை. செவன் கிங்ஸில் இருக்கிற மகள் ஜெனோஜாவுக்குப் போன் போட்டேன். “அம்மா உங்களோட கதைப்பா அப்பா, நீங்க ஸ்ட்ரெஸ் ஆகாதீங்கோ,” என்றாள். அவளுக்குத் தெரியும்! எல்லோருக்கும் தெரியும். எனக்குத்தான் ஒன்றும் தெரியாது.

இதற்குள் இன்னொரு கரைச்சல் தொடங்கியது. வைத்த இடத்தில் சாமான் இல்லை. முதலில் நான் இரவில் கட்டிப் படுக்கிற நீலச் சாரம். பிறகு கட்டிலடி ரேடியோ. பிறகு தேங்காய் துருவுகிற திருவலை. லண்டனில் எந்தக் கள்ளன் திருவலையைத் தூக்குவான்? “கண்டனீரோ?” என்று கேட்டால், “எங்கை வைச்சனீங்களோ, யோசிச்சுப் பாருங்கோ,” என்றாள். யோசித்தேன். யோசிக்க யோசிக்கப் பயம்தான் வந்தது. மறதி வந்த மனுசரைக் குளிப்பாட்டி, சோறு தீத்தி, அலுத்துப்போனவள் அவள். வீட்டிலும் ஒன்று தொடங்குகிறது என்று கண்டுகொண்டாளோ? அதுதான் நான் வரவில்லை என்றதும் சரி என்றாளோ? என்னை அந்தக் கதிரையில் இருத்திவிட்டுத்தான் போகப்போகிறாளோ? வெளியே கேட்க வெட்கமாக இருந்தது.

தை மாதம் குழந்தை யேசு திருநாளுக்குப் பிலிப்பைன்ஸ்காரர் எங்கள் பங்கு மண்டபத்தை எடுத்திருந்தார்கள். “ஒருக்கா வந்துதான் பாருங்கோவன்,” என்று இழுத்துக்கொண்டு போனாள். குளிருக்குக் கழுத்து மூடிய வெள்ளைச் சுவெற்றர், அதன்மேல் கறுப்புக் கோட், பட்டன் எல்லாம் பூட்டியிருந்தேன். உள்ளே ஒரே மேளம். ஒவ்வொரு குடும்பமும் தன் வீட்டுக் குழந்தை யேசு சுரூபத்தைக் கையில் ஏந்தி ஆடுகிறது! சுரூபத்தோடு ஆடலாமா? எங்கள் ஊரில் என்றால் கோயில் மூப்பர் காதைப் பிடித்து வெளியே விட்டிருப்பார். நான் வாயைத் திறந்தபடி ஒரு மூலைக் கதிரையில் இருந்தேன்.

அப்போதுதான் அது நடந்தது. ஓர் இளம்பெட்டை வந்தாள், சிரித்தாள், என் வலது கையைத் தூக்கித் தன் நெற்றியில் ஒற்றிக்கொண்டு போனாள். அவள் பின்னால் ஒரு பெடியன். அவன் பின்னால் கைக்குழந்தையோடு ஒருத்தி, குழந்தையின் நெற்றியிலும் என் கையை ஒற்றவைத்தாள். வரிசை வளர்ந்தது.

எனக்கு வியர்த்துவிட்டது. எங்கள் ஊரில் ஆயர் வந்தால்தான் சனம் இப்படி வரிசையில் நின்று மோதிரத்தை முத்தி செய்யும். குனிந்து பார்த்தேன். கறுப்புக் கோட், கழுத்தில் வெள்ளைப் பட்டி. ஐயோ அந்தோனியாரே, இதுகள் என்னைச் சுவாமியார் என்று நினைத்துவிட்டன! கையை இழுத்தால் மரியாதையில்லை. விட்டால் பாவம். என்ன செய்வதென்று தெரியாமல் அந்தக் கைக்குழந்தையின் தலைக்கு மேல் ஒரு சிலுவை அடையாளம் வேறு போட்டுவிட்டேன். தாய்க்காரிக்கு நல்ல சந்தோஷம்.

உடனே எனக்கு எல்லாம் விளங்கியதுபோல இருந்தது. அருமைநாயகிதான் சொல்லியிருக்கிறாள், இது எங்கள் அண்ணை, சுவாமியார் என்று. தனியாகப் போய் இருக்கப்போகிறவளுக்குப் புருஷன் எதற்கு? கோபத்தில் காது கொதித்தது. தட்டில் வைத்த பன்றியைக்கூட நான் தொடவில்லை.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் கேட்டேன். “என்னை ஆரெண்டு சொன்னனீர் அதுகளுக்கு? சுவாமியெண்டோ?”

“என்ன?”

“வரிசையிலை வந்து கையை ஒத்திக்கொண்டு போகுதுகள். நான் ஆசீர்வாதமும் குடுத்துப்போட்டன். இனி இதை எந்தச் சுவாமியிட்டைப் போய் பாவசங்கீர்த்தனம் செய்யிறது?”

அவள் என்னையும் கோட்டையும் பார்த்தாள். படிக்கட்டில் குந்திச் சிரித்தாள். கண்ணீர் வரச் சிரித்தாள். “அது வயசுக்குக் குடுக்கிற மரியாதையப்பா! அங்கை எந்தக் கிழவனைக் கண்டாலும் சின்னனுகள் அப்பிடித்தான் செய்யும். நீங்களும் ஆசீர்வாதம் குடுக்கத்தான் வேணும். சரியாத்தான் செய்திருக்கிறியள்.”

“கிழவனோ!” என்றேன். ஒரு பாரம் இறங்கியது, மற்றது இறங்கவில்லை.

அடுத்த நாள் காலை தோய்ச்சல் பிரஷைக் காணவில்லை. முப்பது வருஷமாக முதுகு தேய்க்க வைத்திருக்கிற நீளப்பிடி பிரஷ். குளியலறையில் ஈரத்தோடு நின்றபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. துவாயைச் சுற்றிக்கொண்டு கீழே இறங்கினேன். ஹோலில் பெட்டி கால்வாசி திறந்து கிடந்தது. உள்ளே பிரஷின் பிடி தெரிந்தது.

மூடியை விலக்கிக் கிளறினேன். பிரஷ். நீலச் சாரம். ரேடியோ. பழைய துணியில் சுற்றிய திருவலை. என் கறுப்புச் சப்பாத்து, சதுரங்கப் பலகை, அந்தோனியார் படம். எனக்கு மறதி இல்லை! அந்த நிம்மதியில் ஒரு நிமிஷம் நின்றேன். மறு நிமிஷம் கத்தினேன்.

“என்ரை சாமானை எந்தப் பிலிப்பைன்ஸ்காரனுக்கு அனுப்புறீர்?”

அவள் குசினி வாசலில் நின்றாள். “உங்களுக்குத்தான்.”

“எனக்கோ?”

“பெட்டி போய்ச் சேர ரெண்டு மாசம் செல்லும். இதுகள் இல்லாமல் உங்களாலை ஒரு நாள் இருக்க ஏலாது. சாமான் முன்னுக்குப் போனால் ஆளும் பின்னாலை வரும் எண்டு நினைச்சன். கேட்டால் மாட்டன் எண்டுவியள்.”

“உம்மட சாமான் ஒண்டும் இல்லையே இதுக்குள்ளை?”

“எனக்கு ஒரு சூட்கேஸ் காணும்.”

“எனக்கு மூளை பிசகிப் போச்சுதெண்டு நான் கிடந்து சாகிறன், உமக்குச் சூட்கேஸ்! நான் வரேல்லை எண்டனானல்லோ?”

அவள் முகம் மாறிவிட்டது. பிழை விட்ட பிள்ளைபோல வந்து என் முன்னால் முழங்காலில் இருந்தாள். சாரத்தை எடுத்து மடித்து மாடிப்படியில் வைத்தாள். ரேடியோவை வைத்தாள். திருவலையை எடுத்தாள்.

“என்ன செய்யிறீர்?” என்றேன்.

“நீங்கள் வராட்டி நான் மட்டும் அங்கை போய் என்ன செய்யிறது? அந்தச் சரியை நான் சும்மாதான் சொன்னனான். இஞ்சையே இருப்பம்.”

இத்தனை நாளாக நான் பயந்தது எதற்கு? மனுசி என்னை விட்டுப் போக நினைக்கவே இல்லை. பதினைந்து வருஷம் மற்றவர்களின் தாய் தகப்பனைக் குளிப்பாட்டியவள் தனக்கென்று கேட்டது ஒன்றே ஒன்று. அதையும் இப்போது திருவலையோடு வெளியே எடுத்து வைக்கிறாள்.

“அங்கை தேங்காய் இருக்கோ?” என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “முத்தத்திலை மரமே நிக்குது.”

“அப்ப அந்தத் திருவலையை ஏன் வெளியிலை எடுக்கிறீர்? உள்ளுக்கு வையும்.”

மேலே போனேன். அவளுடைய தலையணையை எடுத்தேன். மெல்லிசு, சப்பட்டை, உறை மட்டும் பத்துத் தரம் மாறியது. மகள் வீட்டுக்கு ஒரு நாள் போனாலும் அதைத் தூக்கிக்கொண்டுதான் போவாள், அது இல்லாமல் அவளுக்கு நித்திரை வராது. கொண்டுவந்து பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்து அமத்தினேன்.

“ஐயோ, அதைப் போட்டால் நான் போய்ச் சேருமட்டும் எப்பிடி நித்திரை கொள்ளுறது?”

“நான் சாரம் இல்லாமல் கொள்ளேல்லையே?” என்றேன். “அந்த ஒட்டுற ரேப்பை எடும், பெட்டியை மூடுவம்.”